ஓட்டையில்லாத மெசினும் டயகம பஸ்ஸும்

யோகேஸ்வரன் ஒரு சபதம் எடுத்தான். சபதம் எடுக்க ஊரில் எத்தனையோ நல்ல இடம் இருக்கிறது. இவன் எடுத்தது அடுப்படியில். விடியக்காலையில் குந்திக்கொண்டு, கண்ணில் தண்ணி வழிய, ஊதாங்குழலைக் கையில் பிடித்துக்கொண்டு, "இந்த வீட்டுல இனிமே டிஸ்க்குங்கிற சாமானே இருக்கக் கூடாது!" என்றான். அதற்குள் புகை தொண்டையில் ஏறிவிட்டதால் மிச்சச் சபதத்தை இருமலாகத்தான் சொல்ல முடிந்தது.

டயகமக் குளிரைத் தின்று பார்க்காதவர்களுக்கு அந்தச் சபதத்தின் கனம் விளங்காது. கவ்வாத்து வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சிதான் விறகு. மாசக்கணக்கில் காய வைத்தாலும் அதற்கு ஈரம் போகாது. ஊத ஊதப் புகைதான் வரும், நெருப்பு வராது. அப்பேர்ப்பட்ட அடுப்பைக் கல்யாணமான நாளிலிருந்து யோகேஸ்வரன்தான் மூட்டுகிறான்.

எல்லாம் அவனே வாய்க்கொழுப்பில் போட்ட பந்தயம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் புருசனும் பொண்டாட்டியும் கேம் விளையாடுவது, தோற்றவர் அந்த வாரம் முழுக்க அடுப்பு மூட்டுவது. இவன் தலவாக்கலையில் போன் கடை வைத்திருக்கிறவன். அவள் பூரணி, தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைத் தூங்க வைக்கிறவள். தொட்டில் ஆட்டுகிற கை எங்கே கேம் விளையாடப் போகிறது என்று நினைத்தான், பாவம்.

அந்த கேம்தான் டயகம பஸ். ஹட்டன் பையன்கள் இரண்டு பேர் எப்போதோ செய்து, கொஞ்சம் டிஸ்க் மட்டும் அடித்து விற்றது. தலவாக்கலை பழைய பஜாரில் பஸ்ஸை எடுத்து டயகம வரைக்கும் ஓட்ட வேண்டும். வேகமாகப் போனால் மட்டும் போதாது, பஸ்ஸில் இருக்கிற ஒருத்தரும் வாந்தி எடுக்கக் கூடாது. அங்கேதான் யோகேஸ்வரன் கவிழ்வான். லிந்துலை வருவதற்குள்ளேயே இவன் பஸ்ஸில் முன் சீட்டுக் கிழவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிடுவார். பூரணியோ பிள்ளைகளைத் தூங்க வைக்கிற பதத்தில் வளைவை ஒடிப்பாள். அவள் பஸ்ஸில் பிரயாணிகள் குறட்டை விடுவார்கள்.

சபதம் எடுத்த அன்றைக்கே கடையில் வைத்து, அடுத்த வீட்டு முத்துலிங்கத்திடம் திட்டத்தைச் சொன்னான்.

"மச்சான், புதுசா ஒரு கேம் மெசின் வந்திருக்கு. அதுல டிஸ்க் போட ஓட்டையே கெடையாது. எல்லாம் இன்டர்நெட்டுல எறக்கிக்கிறதுதான்."

"சரி, அதுக்கென்ன?"

"டயகம பஸ் இன்டர்நெட்டுல எங்கயும் இல்லடா! செஞ்ச கம்பெனியே இல்ல. டிஸ்க் போச்சுன்னா கேம் போச்சு. பொறகு நான் கடையில பழகி வச்சிருக்கிற பந்து கேம்தான்."

"டிஸ்க்க என்ன செய்வ?"

"பூஞ்சணம் புடிச்சிருச்சுன்னு சொல்லி எடுத்துக்கிட்டு வந்துருவேன். யாருகிட்டயும் மூச்சு விட்டுறாத."

"என் வாயிலருந்து வருமா?" என்றான் முத்துலிங்கம். அவன் வாயிலிருந்து அன்று மாலையே வந்தது. தன் பொண்டாட்டி சர்மிளாவிடம்தான் சொன்னான், அதுவும் மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடு தடுத்த லயத்தில் நடுச்சுவர் கூரை வரைக்கும் போவதில்லை. பாதிச் சுவருக்கு மேலே காற்றும் பேச்சும் ஒன்றாகத்தான் போய்வரும். லயத்திலேயே பிறந்து வளர்ந்த இரண்டு ஆம்பிளைகள் இதை மறந்தார்கள் என்றால் அவர்களை என்னவென்று சொல்வது! சுவருக்கு அந்தப் பக்கம் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த பூரணி, மாவைப் பிசைந்தபடியே இருந்தாள்.

சனிக்கிழமை யோகேஸ்வரன் பெரிய பெட்டியோடு வந்து இறங்கினான். முகத்தைத் துக்க வீட்டுக்குப் போகிறவன் போல வைத்துக்கொண்டு டிஸ்க்கைத் தூக்கிக் காட்டினான்.

"பூரணி, மனச திடப்படுத்திக்க. பூஞ்சணம் புடிச்சிருச்சு. டிஸ்க் செத்துப் போச்சு."

"ஐயய்யோ! கழுவிப் பாத்தீங்களா?"

"எல்லாம் பாத்தாச்சு. இனிமே டிஸ்க்குக்கெல்லாம் காலம் இல்லம்மா. இந்தா பாரு, புது மெசினு. ஓட்டையே இல்ல!"

"ஓட்டையில்லாம கேம் எப்படிங்க உள்ள போகும்?"

"கடையிலருந்து நேரா வந்து எறங்கும்."

"கடை எங்க இருக்கு? ஹட்டன்லயா?"

"ஹட்டன்லயும் இல்ல, கொழும்புலயும் இல்ல. ஆகாயத்துல."

"ஆகாயத்துல கடை வச்சிருக்கிறவன் பூட்டிக்கிட்டுப் போயிட்டா எந்தக் கதவத் தட்டுறது?"

"அதெல்லாம் பூட்ட மாட்டான்!"

பூரணி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அந்த கேமுலதாங்க பழைய பஜாரு இருந்துச்சு. அணை கட்டி அது தண்ணிக்குள்ள போன பொறகு வேற எங்க போயிப் பாக்குறது? எங்கப்பா எனக்குச் செருப்பு வாங்கிக் குடுத்த கடை, அந்தப் படி, எல்லாம் இருந்துச்சு" என்று சொல்லி அழுதாள். உண்மையைச் சொல்லிவிடலாமா என்றுகூட யோகேஸ்வரன் ஒரு நிமிசம் நினைத்தான். அடுப்பைப் பார்த்தான், சொல்லவில்லை. டிஸ்க்கையும் அதை ஓட்டுகிற பழைய கம்பியூட்டரையும் கட்டிக் கடைக்குக் கொண்டுபோய் மேசைக்கு அடியில் ஒளித்தான்.

போகும்போது பூரணி ஒன்று மட்டும் கேட்டாள். "பந்தயம் இருக்குல்ல?"

"இல்லாம? பந்தயம் பந்தயந்தான்!" என்றான் தாராளமாக.

முதல் ஞாயிறு பனிமூட்டம் வந்து லயத்தில் உட்கார்ந்தது. பள்ளத்தில் இருக்கிற லயம், சாதாரண நாளிலேயே மேல் மலைக்கு ஏறினால்தான் போனில் இரண்டு கோடு காட்டும். புது மெசினோ, கேமைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் போன் வழியாகக் கம்பெனிக்காரனிடம் உத்தரவு கேட்கிற மெசின். யோகேஸ்வரன் போனைக் கூரையில் வைத்துப் பார்த்தான், கொய்யா மரத்தில் கட்டிப் பார்த்தான், ஒரு கம்பில் கட்டி வாசலில் நின்று சாமி தூக்குகிறவன் மாதிரி தூக்கிப் பிடித்தும் பார்த்தான். திரையில் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.

பூரணி பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். "என்னங்க, நான் வந்துட்டேன். உங்க கேம் வரலியே?"

"சிக்னல் இல்லம்மா, அதுக்கு நான் என்ன செய்வேன்?"

"காலையில வேலை பிரிக்கிற பெரட்டுக்கு வராத ஆளுக்குத் தோட்டத்துல பேர் போடுவாங்களா? பஸ் வரல, மழை பெஞ்சுச்சுன்னு சொன்னா கங்காணி விடுவாரா?"

"விட மாட்டாரு…"

"வராத ஆளு தோத்த ஆளு. தீப்பெட்டி மாடத்துல இருக்கு."

இரண்டாவது ஞாயிறு வானம் வெளுத்தது, சிக்னல் வந்தது, பந்து கேமில் யோகேஸ்வரன் ஜெயித்தே விட்டான்! லயமே அதிரக் கத்தினான். திங்கட்கிழமை காலையில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, பூரணி இருமுகிற சத்தத்துக்காகக் காத்துக் கிடந்தான். இருமல் வரவில்லை. ஒரே ஒரு தீக்குச்சி உரசுகிற சத்தம், கொஞ்ச நேரத்தில் அடுப்பு எரிகிற சத்தம், அவ்வளவுதான். அவன் பல் விளக்குவதற்குள் தேத்தண்ணி வந்துவிட்டது. புகையே இல்லை.

"எப்படி மூட்டுன?"

"தீக்குச்சியாலதான்" என்றாள் பூரணி.

மூன்றாவது ஞாயிறு சிக்னல் இருந்தது, கேம்தான் இல்லை. அந்தப் பந்து கேமைக் கம்பெனிக்காரன் நிறுத்திவிட்டானாம். இனிமேல் யாரும் இறக்கவும் முடியாது, திறக்கவும் முடியாது என்று நாலு வரியில் அறிவித்திருந்தான். யோகேஸ்வரன் அந்த நாலு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தான்.

"காசு குடுத்து வாங்குனதுதான் பூரணி! எப்படி எடுப்பான்?"

"வாங்குனதுதானா?"

அவன் போனில் தேடி, சின்ன எழுத்தையெல்லாம் வாசித்து முடித்தபோது முகம் சுண்டிவிட்டது. "வாங்கலயாம். விளையாடிக்க உத்தரவு மட்டும் குடுத்தானாம். சாமான் அவனோடதாம். அவன் போன்னா போகணுமாம்."

பூரணி கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாள், பிறகு அந்தப் பாதிச் சுவரைப் பார்த்தாள். "அப்ப நம்ம லயம் மாதிரி. தாத்தா காலத்துலருந்து இருக்கோம், வெள்ளையடிக்கிறோம், கூரை மாத்துறோம். உறுதி யாரு கையில?"

யோகேஸ்வரனுக்குச் சுருக்கென்றது. உறுதிப் பத்திரமில்லாத வீட்டில் பிறந்தவன், உறுதிப் பத்திரமில்லாத கேமை வாங்கி வந்து பீத்தியிருக்கிறான். கையில் பிடிக்கக்கூடிய ஒரே ஒரு கேம், அவளுடைய பழைய பஜார் இருக்கிற ஒரே ஒரு டிஸ்க், இவன் கடை மேசைக்கு அடியில் தூசி தின்கிறது. மேசைக்கு அடியில் எலி வேறு உண்டு.

அந்த வாரம் முழுக்க யாரும் சொல்லாமலே அடுப்பு மூட்டினான். டிஸ்க்கை எடுத்து மெல்லிய துணியால் துடைத்தான், கடைக் கம்பியூட்டரில் போட்டுப் பார்த்தான், பஸ் ஓடியது. பழைய பஜாரில் பஸ்ஸை நிறுத்தி, அந்தச் செருப்புக் கடையைத் தேடிப் பார்த்தான். ஆனாலும் யோகேஸ்வரன் யோகேஸ்வரன்தானே! உண்மையைச் சொல்லி அவமானப்படுவானேன், காப்பாற்றியதாகச் சொல்லிப் பேர் வாங்கலாமே என்று புத்தி போனது.

ஞாயிற்றுக்கிழமை பழைய கம்பியூட்டரைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து இறக்கினான். "பூரணி! நாலு நாளா நான் தூங்கல. மருந்து போட்டு, மயிலிறகால துடைச்சு, கொஞ்சம் கொஞ்சமா பூஞ்சணத்த எடுத்துட்டேன். டிஸ்க் பொழைச்சிருச்சு!"

உள்ளே பூரணியோடு கேதீஸ்வரி டீச்சர் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கம்பியூட்டர் படிப்பிக்கிறவர். அவர் டிஸ்க்கை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணை, இதிலை பூஞ்சணம் பிடிச்சதே இல்லையே."

"அதான் டீச்சர், அவ்வளவு சுத்தமா எடுத்திருக்கேன்!"

பூரணி சிரித்துவிட்டாள். "என்னங்க, இந்த டிஸ்க்க நான் எங்க வச்சிருந்தேன்?"

"தேயிலைத் தூள் டின்னுல…" சொல்லும்போதே அவனுக்கு விளங்கிவிட்டது. வறுத்த தூள் இருக்கிற டின்னில் ஈரம் எங்கே நிற்கும்? ஈரமில்லாத இடத்தில் பூஞ்சணம் எங்கே பிடிக்கும்? தேயிலையில் பிறந்து தேயிலையில் வளர்ந்தவன் சொல்லுகிற பொய்யா இது!

"அப்ப அன்னிக்கே தெரியுமா?"

"அதுக்கும் முந்தியே. முத்துலிங்கண்ணன் சர்மிளாகிட்ட சொன்னத நானும் கேட்டேன். மறுநாளே டீச்சர்கிட்டக் குடுத்து கொப்பி எடுத்துட்டுத்தான் டின்னுல வச்சேன்."

"அப்ப அழுதியே?"

"அழுகை நெசந்தாங்க. டிஸ்க்குக்காக இல்ல, உங்க புத்திய நெனச்சு."

கேதீஸ்வரி டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மிச்சத்தைச் சொன்னார். "பழைய கேம் அழியாமல் சேர்த்து வைக்கிற பெடியள் கொஞ்சப்பேர் இருக்கினம், அவையிட்டைக் குடுத்தனான். அவை செய்த ஆளையே கண்டுபிடிச்சிட்டினம். இப்ப கனடாவிலை இருக்கிறார். அவரிட்டையே ஒரு கொப்பி இல்லையாம், கேட்டுப்போட்டு அழுதவராம். எல்லாருக்கும் சும்மா குடுங்கோ எண்டு சொல்லி, போனிலையும் ஓடுற மாதிரிச் செய்து அனுப்பியிருக்கிறார். இன்டர்நெட்டும் தேவையில்லை."

யோகேஸ்வரன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். வெட்கம் ஒரு பக்கம், சந்தோசம் ஒரு பக்கம். இனி மேசைக்கு அடியில் எலி கடித்தாலும், எந்தக் கம்பெனிக்காரன் எந்தக் கதவைப் பூட்டினாலும், பழைய பஜாரில் பஸ் நிற்கும். "நல்ல வேலை செஞ்ச பூரணி" என்றான். மனசாரத்தான் சொன்னான். பிறகு விளையாடினார்கள். லிந்துலை வருவதற்குள் முன் சீட்டுக் கிழவர் தலையை நீட்டினார்.

திங்கட்கிழமை விடியக்காலையில் எழுந்து தீப்பெட்டியைத் தேடும்போது, அடுத்த வீட்டிலிருந்து இருமல் கேட்டது. ஆம்பிளை இருமல். அதற்கு அடுத்த வீட்டிலும் கேட்டது. கதவைத் திறந்து பார்த்தால் லயம் முழுக்கப் புகை. ஒவ்வொரு வாசலிலும் ஒரு புருசன் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கிறான். சர்மிளாவில் தொடங்கி லயத்துப் பொம்பளைகள் எல்லாருக்கும் பூரணி கேமைக் கொடுத்திருந்தாள். கேமோடு பந்தயத்தையும் சேர்த்துக் கொடுத்திருந்தாள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

முத்துலிங்கம் கரி பிடித்த முகத்தோடு ஓடிவந்தான். "மச்சான், எங்களுக்கு இது புடிபடல! நீ எத்தன வருசமா மூட்டுறவன். வந்து மூட்டிக் குடுத்துட்டுப் போடா!"

"இங்கயும் வா யோகேசு!" என்று கடைசி வீட்டிலிருந்து செல்லசாமி கத்தினார்.

வாழ்க்கையில் முதல் தடவையாக ஊரே தன்னை ஒரு வித்தைக்காகக் கூப்பிடுகிறது என்று யோகேஸ்வரனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஊதாங்குழலைத் தோளில் சாத்திக்கொண்டு வாசலில் இறங்கினான்.

உள்ளே போர்வைக்குள்ளிருந்து பூரணி குரல் கொடுத்தாள்: "என்னங்க, நம்ம அடுப்ப மூட்டிட்டுப் போங்க!"