மெத்தைக் கடைக்காரரின் மூக்குக் கண்ணாடி

தாமதமாகப் பேசுவது மகான்களின் லட்சணம். மெத்தைக் கடைக்காரர் வீட்டில் இது ஏகமனதாக நிறைவேறிய தீர்மானம். மூன்றரை வயதாகியும் மகள் "இந்தா", "வேணாம்" என்ற இரண்டே சொற்களில் குடித்தனம் நடத்திவந்ததால், தீர்மானம் அவ்வப்போது புதுப்பிக்கப்பட்டது.

முன்மொழிந்தவர் கடைக்காரரின் அக்கா. ஆதாரம், கடைக்காரரே.

"இவன் வாயைத் திறக்கறப்போ வயசு அஞ்சு. இப்போ மூடச் சொல்லுங்க பார்ப்போம்," என்பார் அக்கா.

உண்மைதான். கட்டிலே இல்லாதவருக்கு இரட்டை மெத்தை விற்ற வாய் அது. பேரம் பேச வந்தவர்கள் தலையணையையும் சேர்த்து வாங்கி, நன்றியும் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த வாய்க்குத் துணைக்கருவி ஒன்றுதான்: மறந்துபோன மூக்குக் கண்ணாடி. கல்யாணப் பத்திரிகையோ மருந்துச் சீட்டோ, எதை நீட்டினாலும் சட்டைப்பையைத் தட்டிப் பார்த்து, "அடடா, கண்ணாடி மறந்துட்டேன். நீயே படிம்மா," என்பார். மனைவி படிப்பார். அந்தக் கண்ணாடியை இதுவரை கண்டவர் இல்லை. கடவுளைப் போல அதுவும் நம்பிக்கையில்தான் இருந்துவந்தது.

மனைவிக்கு மட்டும் தீர்மானத்தில் பக்தி போதவில்லை. கணவரையும் மகளையும் பேச்சுப் பயிற்சியாளரிடம் இழுத்துப்போனார். அக்கா "மேற்பார்வை"க்காகக் கூடவே வந்தார். அங்கே எல்லாம் குட்டி நாற்காலிகள். கடைக்காரர் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தார்.

பயிற்சியாளர் குழந்தையோடு வெகுநேரம் விளையாடிவிட்டு நிமிர்ந்தார். "காது நல்லாக் கேட்குது. பேச்சுதான் மெதுவா வருது. சில குழந்தைங்க தானா எட்டிப் பிடிச்சுடுவாங்க. சிலருக்குப் பின்னாடி படிக்கறதும் எழுதறதும் தடுமாறும். அதனால காத்திருக்க வேணாம், இப்பவே ஆரம்பிச்சுடலாம். வீட்ல யாருக்காவது பேச்சு லேட்டா வந்துச்சா?"

அக்கா, பந்தயத்தில் ஜெயித்த கோப்பையைக் காட்டுவதுபோல் தம்பியைக் காட்டினார்.

"அப்படியா சார்? உங்களுக்குப் படிப்பு எப்படி வந்துச்சு?"

காகிதத்தைப் பிரித்தாலே எழுத்துகள் கூட்டத்தில் செருப்பைத் தொலைத்தவர்கள்போல அலைவது அவருக்கு மட்டுமே தெரிந்த விஷயம். மகளுக்கும் அப்படி அலையுமோ என்று ஒரு பயம் உண்டு. அந்தச் சரக்கை மட்டும் அவர் கடை வாசலுக்குக் கொண்டுவந்ததே இல்லை.

"படிப்பா? இந்த ஊர்ல பாதிப் பேர் தூங்கறதே என் மெத்தையிலதான்," என்றார்.

"ரொம்ப சந்தோஷம். தினமும் இவளுக்கு நீங்க ஒரு கதை படிச்சுக் காட்டணும். இப்பவே ஒண்ணு படிங்களேன்."

அவர் நீட்டிய புத்தகத்தில் பக்கத்துக்கு ஒரு வரி. அட்டையில் ஒரு முயல். மகள் மடியில் ஏறி, கதைக்காக அப்பா முகத்தையே பார்த்தாள்.

கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. "அடடா, கண்ணாடி மறந்துட்டேன்."

"பரவாயில்ல." பயிற்சியாளர் புத்தகத்தை மகள் பக்கம் திருப்பினார். "நீ சொல்லு கண்ணு. இதுல என்ன இருக்கு?"

மகள் முயலைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். கவுனில் பையே இல்லாத இடத்தில் இரண்டு தட்டு தட்டினாள்.

"கண்ணாடி மறந்துட்டேன்," என்றாள், சுத்தமாக.

மனைவி புத்தகத்தை எடுத்து அப்பா, மகள் இருவருக்கும் முன்னால் விரித்து வைத்தார். பயிற்சியாளர் பேனாவைத் திறந்தார். "அடுத்த வாரம் ரெண்டு பேருக்கும் சேர்த்தே நேரம் போட்டுடறேன்."

அக்காவுக்கோ ஆனந்தக் கண்ணீர்.

"பார்த்தீங்களா, பேசிட்டா. அப்படியே அப்பனை உரிச்சு வச்சிருக்கா."