சம்பந்தியம்மாவுக்குப் போன எச்சரிக்கை

என்றும் என் மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். நம் டிரைவிங் ஸ்கூலும் நலம், இரண்டாம் நம்பர் காரின் பின்பக்க விளக்கு ஒன்று நீங்கலாக. அங்கே நீங்களும் என் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் காலத்தில் யார் காகிதத்தில் எழுதுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். போனைத் தொடவே எனக்குப் பயமாக இருக்கிறது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நம் மாணவர்கள் மாதிரித் தேர்வு எழுதும் இணையதளமும், கார்களில் நீங்கள் பொருத்திக் கொடுத்த கேமராக்கள் எடுக்கும் வீடியோக்களும் கிளவுட் என்ற இடத்தில் வாடகைக்குக் குடியிருக்கின்றன அல்லவா, அதற்குப் போன மாதம் பில் மூன்று மடங்காக வந்ததும் நீங்கள் போனில் என்ன சொன்னீர்கள்? "மாமா, ஒரு அலர்ட் வெச்சிடுங்க. செலவு அளவைத் தாண்டினா மெசேஜ் வந்துடும். உங்களுக்கு மட்டும் இல்லாம பொறுப்பான நாலு பேருக்குப் போற மாதிரி வைங்க" என்றீர்கள். மாப்பிள்ளை பேச்சை நான் என்றைக்குத் தட்டியிருக்கிறேன்? சாலை விதிகள் வகுப்பெடுக்கும் டீச்சரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அன்றைக்கே ஆரம்பித்துவிட்டேன். முதல் கட்டத்தில் மாதத்துக்கு எவ்வளவு என்று கேட்டது, போட்டேன். அடுத்த கட்டத்தில் ஒரு எண் கேட்டது. எத்தனை தடவை சொல்லணும்னு கேட்குதாக்கும் என்று நினைத்து, ஒரு தடவை சொன்னால் புரிந்துகொள்கிற ஆள்தானே நான், 1 என்று போட்டேன். அது சதவீதமாம். நூறில் ஒரு பங்கு செலவானதுமே கத்து என்று நானே உத்தரவு போட்டிருக்கிறேன். மெசேஜ் வாசகம் மொட்டையாக இருந்தது, அதையும் அழித்துவிட்டு நல்ல தமிழில் எழுதினேன்: "எச்சரிக்கை! நீங்கள் உங்கள் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். உடனே நிறுத்திக்கொள்ளவும்." கீழே மறக்காமல் என் பெயரையும் போட்டேன். பொறுப்பானவர்கள் பட்டியலில் நான், உங்கள் அத்தை, டீச்சர், அப்புறம், பொறுப்பு என்றதும் யாருக்குமே முதலில் ஞாபகம் வருகிற உங்கள் அம்மா.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஒரு பல் டாக்டருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். என் போன் கார் ஸ்பீக்கரோடு இணைந்திருந்தது, மெசேஜ் வந்தால் அதுவே வாசிக்கும். ரவுண்டானாவில் பாதி வட்டம் போயிருப்போம், "எச்சரிக்கை! நீங்கள் உங்கள் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள்" என்று ஒரு பெண் குரல். பதினோரு வகுப்பாக நான் சொன்ன எதையும் காதில் வாங்காத டாக்டர், அந்தக் குரல் "உடனே நிறுத்திக்கொள்ளவும்" என்று முடிப்பதற்குள் பிரேக்கை மிதித்துவிட்டார். பின்னால் வந்த ரொட்டி வண்டி நம் விளக்கில் வந்து முட்டியது. ரொட்டிக்காரர் இறங்கி வந்து "நடு ரோட்டுல எதுக்குங்க நிறுத்துனீங்க?" என்று கேட்க, டாக்டர் கையைத் தூக்கிக்கொண்டு, "நான் எங்க நிறுத்தினேன்? கார்தான் நிறுத்தச் சொல்லிச்சு" என்கிறார். ரொட்டிக்காரரிடம் நான்தான் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவைத்தேன்.

அது போகட்டும், விளக்கை மாற்றிக்கொள்ளலாம். அரை மணிக்கு ஒரு தடவை வீதம் மத்தியானத்துக்குள் ஏழு எச்சரிக்கை உங்கள் அம்மாவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது, ஏழிலும் என் பெயர். எட்டாவது போவதற்குள் அவங்ககிட்டயிருந்து பதில் வந்திடுச்சு. "சரி, நிறுத்திக்கிறேன்." அவ்வளவுதான். எனக்கு உயிரே இல்லை. சம்பந்தியைப் பார்த்து எல்லை மீறிட்டீங்கன்னு ஒரு மனுஷன் ஏழு தடவை சொல்லலாமா? போன் பண்ணினால் எடுக்கவில்லை. மெசேஜைத் தூக்கிக்கொண்டு உங்கள் அத்தையிடம் ஓடினேன். திட்டப்போகிறாள் என்று காதைத் தயாராக வைத்திருந்தால், திட்டவே இல்லை. "உங்களுக்கு யார் சொன்னா?" என்று மட்டும் கேட்டாள். "மாப்பிள்ளைதான் சொன்னார்" என்றேன். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அதிலிருந்து அவள் கதவைச் சாத்திக்கொண்டு உங்கள் அம்மாவோடு குசுகுசுவென்று போனில் பேசுகிறாள். நான் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடுகிறது.

டீச்சர்தான் கடைசியில் மூன்று மடங்கு பில்லின் மர்மத்தைக் கண்டுபிடித்தாள். வண்டியை ஷெட்டில் விட்ட பிறகும் கேமராக்கள் தூங்குவதில்லையாம். நாற்பது நாளாக நம் ஷெட்டுச் சுவரை நாலு கோணத்தில் படம் பிடித்து, பத்திரமாக வாடகை கட்டி வைத்திருக்கிறோம். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பாதி செலவானதும் ஒரு தடவை, எண்பது சதவீதத்தில் ஒரு தடவை, முழுசும் தீர்ந்ததும் ஒரு தடவை என்று மாற்றிவைத்து, எனக்கும் தனக்கும் மட்டும் வருகிற மாதிரி செய்துவிட்டாள். "சார், அலர்ட்னா சொல்லிக்கொடுக்கும்போது உங்க காலடியில இருக்கிற ரெண்டாவது பிரேக் மாதிரின்னு நினைச்சீங்களா? அது வண்டியை நிறுத்தாது. பின் சீட்டுல உக்காந்து பாத்து பாத்துன்னு கத்தும், அவ்வளவுதான். நிறுத்துறது நாமதான்" என்றாள். இதை முதலிலேயே நீங்கள் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு அவமானம் வந்திருக்காது. குறையாகச் சொல்லவில்லை, மனசு பொறுக்காமல் சொல்கிறேன்.

உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். இது கிடைத்ததும் அம்மாவுக்குப் போன் போட்டு, அனுப்பியது மெஷின், மாமாவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று புரியவையுங்கள். மாதக் கடைசியில் நீங்கள் இரண்டு பேரும் வந்து இறங்கும்போது நம் இரண்டு வீட்டாரும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ள வேண்டும். எனக்கு அது போதும். உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசிகள் நிறைவாக உண்டு.

இப்படிக்கு,
தலை குனிந்து நிற்கும்
மாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் இரண்டாம் நம்பர் கார் வாசலுக்கு வந்து, ஒரே மூச்சில் பின்னால் எடுத்து, இரண்டு கோட்டுக்கும் நடுவில் நூல் பிடித்த மாதிரி நின்றது. ஓட்டி வந்தவர் உங்கள் அம்மா. பக்கத்தில் உங்கள் அத்தை. இந்த வயசுல எதுக்கும்மா, வண்டி புக் பண்ணிக்கோங்க என்று நீங்கள் சொன்னீர்களாமே, அதனால் நமக்கெல்லாம் தெரியாமல், நான் தூங்கும் நேரத்தில் உங்கள் அத்தையே எடுத்த காலை ஆறு மணி வகுப்பில் இரண்டு மாதமாகக் கற்றுக்கொண்டிருக்கிறார். என் மெசேஜைப் பார்த்ததும், நீங்கள் விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டீர்கள், தடுக்கச் சொல்லி என்னை ஏவிவிட்டீர்கள் என்று நினைத்திருக்கிறார். இரண்டு நாள் அழுதாராம். அப்புறம், யார் என்ன சொன்னால் என்ன என்று நேராகப் போய் டெஸ்டில் பாஸ் பண்ணிவிட்டு வந்திருக்கிறார். நான் முப்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன் மாப்பிள்ளை, இப்படி ஒரு ரிவர்ஸ் நான் பார்த்ததில்லை. ஆகவே மேலே எழுதிய எதையும் அம்மாவிடம் பேச வேண்டாம், போன் போடவும் வேண்டாம். உங்களிடம் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன், அதனால் இந்தப் பின்குறிப்பையும் நீங்கள் படிக்கவில்லை. விமான நிலையத்துக்கு உங்களை அழைக்க நான் வரப்போவதில்லை. யார் வந்து நின்றாலும் ஆச்சரியப்பட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, முன் சீட்டில் ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, வீடு வந்து சேரும்வரை வாயைத் திறக்காமல் வாருங்கள்.