ஆகஸ்டில் அபுதாபிக்கு வராதீர்கள், பெரிய வாப்பா

மதிப்பிற்குரிய பெரிய வாப்பா மஹாத் அவர்கள் சமூகத்திற்கு, தங்கள் தம்பி முஸல்லமின் மகன் பகீத் அபுதாபியிலிருந்து எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் அருளால் இங்கே எல்லோரும் இருக்கிறோம். அங்கே ஸலாலாவில் தாங்களும் பெரியும்மாவும் ஒட்டகங்களும் மழையில் நனைந்து சளி பிடிக்காமல் இருக்க துஆ செய்கிறேன்.

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், எங்கள் வீட்டுக் குளிர்நீர்க் குழாய் இந்தக் கோடையிலும் கட்சி மாறிவிட்டது. மொட்டை மாடித் தொட்டியில் பகல் முழுக்க வெந்த தண்ணீர் அதில்தான் வருகிறது. தேயிலையைப் போட்டால் போதும், அடுப்பே வேண்டாம். ஆகவே வெந்நீர் ஹீட்டரை அணைத்துவிட்டு, அதற்குள் சும்மா கிடக்கிற தண்ணீரில்தான் குளிரக் குளிரக் குளிக்கிறோம். குளிர் வேண்டுவோர் சிவப்புப் புள்ளியையும் சூடு வேண்டுவோர் நீலப் புள்ளியையும் திருகுவது இங்குள்ள சட்டம். போன ஆகஸ்டில் தங்கள் மருமகன் ஆமிர் மச்சான் இது தெரியாமல் நீலத்தைத் திருகிவிட்டுப் போட்ட சத்தத்தில், பக்கத்து வீட்டு வல்லூறு கயிற்றை அறுத்துக்கொண்டு பறந்தது. இன்றுவரை திரும்பவில்லை.

நிற்க. அந்தப் பக்கத்து வீட்டு அபூ நாஸர்தான் குடும்பத்தோடு உங்கள் ஊர் மழையைப் பார்க்கப் புறப்படுகிறார், அவர் கையில் இந்தக் கடிதம் வருகிறது. நீங்கள் ஒட்டகங்களோடு மலை ஏறிவிட்டால் உங்கள் கைபேசி சிக்னல் இல்லாமல் கழுத்தில் தொங்கும் தாயத்தோடு சரி என்பதால் வேறு வழியில்லை. தம்பியைப் பார்க்க வரட்டுமா, வந்தால் என்னென்ன எடுத்து வரவேண்டும் என்று நீங்கள் ஆமிர் மச்சானிடம் சொல்லி அனுப்பியிருந்தீர்கள். வாப்பாவிடம் சொன்னேன். "வேணாம்னு எழுது. சுஹைல் நட்சத்திரம் எழும்பட்டும், வெயில் கொஞ்சம் தணியட்டும், அப்புறம் வரட்டும். நல்லா பயங்கரமா எழுது, அண்ணன் பயந்துடணும்" என்றார். எழுதி முடித்ததும் அவரே படித்துப் பார்த்து உறையில் போடப் போகிறாராம். ஆகவே இதில் உள்ள பொய்கள் அத்தனையும் வீட்டுத் தலைவரின் ஒப்புதல் பெற்றவை. அவருக்கு வயிற்றில் லேசான கோளாறு. 'லேசான' என்ற சொல் அவருடையது. கையெழுத்து மட்டும் என்னுடையது.

முதலில் வெயில். உங்கள் ஊர் வெயில் மேகத்தைக் கேட்டுக்கொண்டு வந்து போகிற வெயில். இது குடியேறின வெயில், வாடகைகூடக் கொடுப்பதில்லை. கார்க் கதவைத் துணி சுற்றித்தான் திறக்க வேண்டும், இருக்கை வாரின் இரும்புக் கொக்கி இடுப்பில் பட்டால் ஒட்டகத்துக்குப் போடுகிற சூடு மாதிரி முத்திரை விழும், அப்புறம் நீங்கள் எந்தக் கூட்டத்து ஒட்டகம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். ரப்பர் செருப்புப் போட்டு வராதீர்கள், தார் ரோட்டில் ஒட்டிக்கொண்டு நீங்கள் மட்டும் வீடு வந்து சேருவீர்கள். கடற்கரையில் காற்று வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்; வரும்தான், ஆனால் சட்டியின் மூடியைத் திறந்ததும் முகத்தில் வருமே, அந்தக் காற்று. சால்வை கட்டாயம் வேண்டும். சிரிக்காதீர்கள். கடைத்தெருக்கள் எல்லாம் இப்போது கூரைக்குள்தான் இருக்கின்றன, உள்ளே போனால் பல் தந்தியடிக்கும், ஐந்து நிமிடம் உள்ளே ஐந்து நிமிடம் வெளியே என்று அலைந்தால் வெந்ததா உறைந்ததா என்று உடம்புக்கே தெரியாது.

முக்கியமாக உங்கள் மூக்குக் கண்ணாடி. குளிரிலிருந்து வெளியே கால் வைத்ததும் இரண்டு கண்ணிலும் ஆவி படிந்து உலகம் பால் மாதிரி ஆகிவிடும். அப்போது நடக்கக் கூடாது, நின்று துடைத்துவிட்டுத்தான் நடக்க வேண்டும். ஆமிர் மச்சான் நடந்தார். இங்கே கார் என்றால் வெள்ளைக் கார், வீட்டுக்கு வீடு வெள்ளைக் கார், எங்களுடையதும் வெள்ளைக் கார். வாசலில் நின்ற ஒன்றின் பின்கதவைத் திறந்து ஏறி ஸலாம் சொல்லிக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிப் பார்த்தால் முன்னால் யாரோ ஒரு பெரியவர். அவர் பதில் ஸலாம் சொல்லி வண்டியை எடுத்துவிட்டார். வந்து ஏறியவனை நீ யார் எதற்கு வந்தாய் என்று கேட்பது அழகா என்று அவருக்கு. ஏறிய பிறகு இறக்கிவிடு என்று சொல்வது மரியாதையா என்று இவருக்கு. வீட்டுக்குக் கூட்டிப்போய் ஆடு அறுக்காத குறையாக விருந்து வைத்திருக்கிறார்கள், இவரும் அவர்கள் வீட்டுக் கல்யாணம் காதுகுத்து எல்லாம் விசாரித்திருக்கிறார். கடைசியில் அந்த வீட்டுப் பையன் தூபக்காலைக் கொண்டுவந்து காட்டின பிறகுதான் எழுந்து, "போயிட்டு வரேன், ஆனா எங்கேன்னுதான் தெரியல" என்று உண்மையைச் சொன்னாராம். அவர்களே கொண்டுவந்து விட்டார்கள். இன்றும் பெருநாளைக்குப் பெருநாள் அந்த வீட்டிலிருந்து அல்வா வருகிறது.

எடுத்து வரவேண்டியவை பற்றி. மலைத்தேன் கொண்டுவரலாம். கொழுப்பில் போட்ட ஒட்டக இறைச்சியை டிக்கியில் வைத்தால் பாலைவனத்தைத் தாண்டுவதற்குள் அது இரண்டாம் முறை வெந்துவிடும், அதனால் வேண்டாம். குங்கிலியம் ஒரு குன்றிமணி அளவுகூட வேண்டாம். உங்கள் ஊர் மரமெல்லாம் அதைத்தான் அழுகிறது என்று தெரியும், வெறுங்கையோடு வந்தால் உங்களுக்கு உறுத்தும் என்றும் தெரியும். இருந்தாலும் வேண்டாம், வீட்டில் புகைக்குப் பஞ்சமில்லை.

புகை என்றதும் நினைவு வருகிறது, வீட்டு நடப்பைச் சொல்லிவிடுகிறேன். விருந்தாளிகள் வந்தவண்ணம் இருக்கிறார்கள், பெரிய வாப்பா. பெருநாளுக்குக்கூட எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம் வருகிறார்கள். நம் வீட்டு ஏஸி நன்றாக இருப்பதால் வருகிறார்கள் என்கிறார் வாப்பா. எல்லோரும் வாசலிலேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே வருகிறார்கள். வெளியே தூசி அதிகம். அவர்களை வழியனுப்பும் இலாகா என்னுடையது. தூபம் வந்தபின் உட்கார்ந்திருப்பது அழகல்ல என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அகில் புகை தாடியைச் சுற்றி வந்துவிட்டால் எவ்வளவு பெரிய மனிதரும் எழுந்து ஸலாம் சொல்லத்தான் வேண்டும். நம் ஆட்கள் 'கிளம்பு' என்பதை எவ்வளவு மணக்க மணக்கச் சொல்லக் கற்றிருக்கிறார்கள் பாருங்கள். போன மாதம் வாப்பாவோடு தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்த ஹமூத் மாமா வந்து உட்கார்ந்தார். இரண்டாவது கோப்பை காவாக் காப்பி ஊற்றுவதற்குள் நான் புகையோடு போய் நின்றுவிட்டேன், அவர் பாவம், பேரீச்சம்பழக் கொட்டையை வாயில் வைத்துக்கொண்டே எழுந்து போனார்.

"டேய், அவன் இன்னும் சாஞ்சுகூட உட்காரலடா" என்றார் வாப்பா.

"அவரோட சிறுநீரகக் கல் கதை மூணாவது கல்லுக்கு வந்துடுச்சு வாப்பா. உள்ள இன்னும் எத்தன கல் இருக்கோ, வீடே கட்டிடுவாரு."

வாப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு நின்ற பிறகும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பேசி வைத்துக்கொண்டோம். அவருக்குக் களைப்பு வந்தால் இடது காதைத் தடவுவார், கை காதில் படுவதற்கும் கரி அடுப்பில் ஏறுவதற்கும் சரியாக இருக்கும். ஆயுள் முழுக்க நெருப்பை அணைத்த மனிதர் இப்போது கங்கு போதுமான அளவு சிவக்கவில்லை என்று என்னைத் திட்டுகிறார். நானாகச் சொல்லிக்கொள்வதாக நினைக்க வேண்டாம், ஒரே சுற்றில் நிறைந்த மஜ்லிஸ் கூடத்தையே காலி செய்தவன் நான். போனவர்களில் ஒருவருக்கும் மனத்தாங்கல் இல்லை, எல்லோரும் மணந்துகொண்டேதான் போனார்கள். தூபக்கால் என் கையில் இருக்கிறவரை இந்த வீட்டிலிருந்து யார் எப்போது கிளம்புவது என்பதை முடிவு செய்கிறவன் நான்தான்.

வாப்பா கொஞ்சம் மெலிந்திருக்கிறார், அது வெயிலால். சட்டை அவரைப் போட்டுக்கொண்டிருப்பது போலத் தெரிந்தால் அது சட்டையின் தப்பு, துவைத்துத் துவைத்துப் பெரிதாகிவிட்டது. காவாவை மோந்து பார்த்துவிட்டுப் போதும் என்று கோப்பையை ஆட்டிக் கொடுத்துவிடுகிறார், இந்த வருடம் ஏலக்காய் சரியில்லையாம். மற்றபடி எல்லாம் லேசு. ஆகவே நீங்கள் சாவகாசமாக, சுஹைல் எழும்பி, மணல் ஆறி, மனிதர்கள் நிழலை விட்டு வெளியே வருகிற காலத்தில் வாருங்கள்.

பெரியும்மாவின் முழங்காலுக்கு என் தனி ஸலாம். ஆமிர் மச்சானுக்கும் அவர் கண்ணாடிக்கும் ஸலாம். பெயர் சொன்னால் திரும்பிப் பார்க்கிற ஒட்டகங்களுக்கெல்லாம் தனித்தனியாக. உங்கள் மலையில் பெய்கிற மழை உங்கள் ஆயுசிலும் பெய்யட்டும்.

தங்கள் கையை முத்தமிடும்,
பகீத் முஸல்லம்
வழியனுப்புத் துறை அமைச்சர்

பின்குறிப்பு: மேலே இருப்பதை வாப்பா படித்துவிட்டார். ஆமிர் மச்சான் இடத்தில் சிரித்தார். தூபக்கால் பத்தியில் கொஞ்ச நேரம் நின்றார், என்னைப் பார்த்தார். "நல்லா பயமுறுத்தியிருக்கடா" என்று உறையில் போட்டு நாக்கில் வைத்து ஒட்டப் பார்த்தார். வாய் வறண்டு கிடப்பதால் ஒட்டவில்லை. நீயே ஒட்டிவிடு என்று கொடுத்துவிட்டார். ஆகவே இந்தத் தாள் அவர் பார்க்காதது.

வாருங்கள், பெரிய வாப்பா. கடிதம் கிடைத்த அன்றே வண்டியை எடுங்கள். ஒட்டகங்களை ஆமிர் மச்சான் பார்த்துக்கொள்வார்.

வயிற்றில் இருப்பது புற்று. டாக்டரிடம் நான் தனியாகப் போய், சுஹைல் எழும்புகிறவரை இருப்பாரா என்று கேட்டேன். அவர் வெளிநாட்டுக்காரர், அது யார், உன் அண்ணனா என்றார். நட்சத்திரம், இந்த மாதக் கடைசியில் தெரியும் என்றேன். கையில் இருந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டு, வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்தால் கூட்டி வா என்றார். உம்மாவிடம் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

இன்னொன்று. போன வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்கு அப்புறம் வந்தவர்களை எல்லாம் வழக்கம்போல் அனுப்பிவிட்டுத் தூபக்காலை எடுத்து வைக்கப் போனேன். திரும்பிப் பார்த்தால் வாப்பா காதைத் தடவிக்கொண்டிருக்கிறார்.

"யாரும் இல்லையே வாப்பா, எல்லாரும் போயாச்சு."

"நான் இருக்கேனே."

விளையாடுகிறார் என்று நினைத்தேன். வீட்டுக்காரருக்கு யாராவது தூபம் காட்டுவார்களா என்று கேட்டேன்.

"ரொம்ப நேரமா உட்காந்துட்டேன்டா பகீத். எனக்கும் ஒரு சுத்து காட்டு."

கங்கு நன்றாகத்தான் சிவந்திருந்தது. அணைந்துவிட்டது என்று சொல்லி வெளியே கொண்டுபோய்த் தண்ணீரில் போட்டேன். தூபக்காலைக் கார் டிக்கியில் உபரிச் சக்கரத்துக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன். உம்மாவிடம் உடைந்துவிட்டது என்று சொன்னேன். அன்றிலிருந்து இந்த வீட்டில் ஒரு விருந்தாளியும் கிளம்புவதில்லை. ஹமூத் மாமா நேற்று எல்லாக் கல்லையும் சொல்லி முடித்துவிட்டுத் தம்பியின் கல்லை ஆரம்பித்தார். வாப்பா காதைத் தடவித் தடவி அது சிவந்து கிடக்கிறது. நான் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு காவா ஊற்றுகிறேன். அவர் களைத்துப் போய்ச் சாய்வதைப் பார்க்கிறேன், பார்த்தும் எடுக்க மாட்டேன் என்கிறேன், தினமும் டிக்கி வரைக்கும் போய்விட்டு மூடி சுடுகிறது என்று திரும்பி வருகிறேன். சூரியன் இறங்கின பிறகும் போய்ப் பார்த்தேன். அப்போதும் சுட்டது.

அதை வெளியே எடுப்பதா வேண்டாமா என்பதை நீங்கள் வந்து சொல்லுங்கள். யார் எப்போது கிளம்புவது என்று முடிவு செய்கிறவன் நான்தான் என்று மேலே எழுதியிருக்கிறேன் அல்லவா, அந்த வரியை அடித்துவிடுங்கள். அமைச்சர் என்பதையும். வெயில், செருப்பு, கண்ணாடி எதையும் பார்க்க வேண்டாம், வந்தால் போதும். குங்கிலியம் கொண்டுவர வேண்டாம் என்று எழுதியது மட்டும் அப்படியே இருக்கட்டும்.