இன்னும் வராத வசதி

மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரையிலும் சல்லடை போட்டுத் தேடினாலும் எங்கள் ‘அடுத்த வேர்ஷன்’ அண்ணனைப்போல எதிர்காலத்துக்கே குடிபோய்விட்ட மனிதரைக் காண முடியாது. கல்யாணத்துக்குப் பிறகு வரப்போகும் தொப்பைக்கு அளவு சொல்லிக் களிசான் தைத்தவர். பெண் இன்னும் பார்க்கவே தொடங்கவில்லை!

எங்கள் சின்ன அலுவலகத்தில் அவருக்குப் பிளகின் எழுதும் வேலை. இணையத்தளத்தில் முன்பதிவு போன்ற கூடுதல் வேலைகளுக்காகச் சேர்க்கும் குட்டி மென்பொருள் அது. தளத்தை ஓட்டும் பெரிய மென்பொருளில் ஊரெல்லாம் ஐந்தாம் வேர்ஷன் இருக்கும்; அண்ணனோ ஆறில் வரப்போகும் வசதியை நம்பி எழுதுவார். என்ன குறை சொன்னாலும், “அது அடுத்த வேர்ஷன்ல வரும் தம்பி” என்பார்.

தனக்கு எந்த வேர்ஷன் தேவை என்று ஒவ்வொரு பிளகினும் அறிவிக்க வேண்டும். அண்ணன் “ஆறு அல்லது அதற்கு மேல்” என்று எழுதினார். அவருடைய கணினியில் இருந்ததோ ஆறின் சோதனைப் பிரதி. அது ஆறுக்குக் கீழே என்று கணக்காம். அவர் பெற்ற பிள்ளை அவர் வீட்டுக்குள்ளேயே வர மறுத்தது. “டேய், உன்ன எழுதினதே நான்தான்டா!” என்று திரையைப் பார்த்துக் கத்தினார். பிறகு “ஆறின் சோதனைப் பிரதியே போதும்” என்று தளர்த்தி எழுதினார். வேலை செய்தது. அலுவலகம் முழுவதற்கும் தேநீரும் சூடான ரோல்ஸும் வாங்கித் தந்தார்.

அந்தப் பிளகினை, பாசிக்குடாவில் விடுதி வைத்திருக்கும் ஓட்டமாவடிக் காக்கா ஒருவருக்கு அனுப்பியிருந்தோம்; முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் காக்கா என்போம். வளைகுடாவில் உழைத்ததையெல்லாம் கொட்டிக் கட்டிய விடுதி. சீசன் தொடங்கும் நேரம். அறைக்கு ஆள் வருவதே தளத்தின் வழியாகத்தான். ஆறு வெளிவந்ததும் அதையும் பிளகினையும் சேர்த்து அவரே தளத்தில் போடுவதாகப் பேச்சு.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆறு வந்தே விட்டது! நாங்கள் கைதட்டினோம். அறிவிப்பை வாசித்த அண்ணனுக்கு மட்டும் முகம் வெளிறிப்போனது. அவர் நம்பியிருந்த வசதியைக் கடைசி நேரத்தில் எடுத்துவிட்டார்கள்.

“ஐயோ தம்பி, ஆறெண்டாப் போதுமெண்டு நான்தானே எழுதி விட்டன்! பிளகின் உள்ள போயிரும், தளம் படுத்திரும்!”

பிளகின் ஏற்கெனவே காக்கா கையில். ஜும்மாத் தொழுகைக்குப் போனவரின் போனும் அணைந்திருந்தது. தொழுதுவிட்டு வந்ததும் போடுவதாகக் காலையிலேயே சொல்லியிருந்தார்.

“ஏறு தம்பி!” என்றார் அண்ணன். மோட்டார் சைக்கிள் பாசிக்குடாவுக்குப் பறந்தது. சித்தாண்டியில் மாட்டுப் பட்டியொன்று வீதியை மறித்தது. அண்ணன் இறங்கி, “அவசரம்கா, கொஞ்சம் விலகுங்க!” என்று பசுக்களிடம் மரியாதையாகக் கெஞ்சினார்.

விடுதிக்குள் ஹெல்மெட்டோடு பாய்ந்தோம். காக்கா கணினிக்கு முன்னால், விரல் மவுஸில்.

“அமத்தாதீங்க காக்கா!” என்று அலறிவிட்டு, நடந்ததை அண்ணன் மூச்சு வாங்க வாங்கச் சொன்னார்.

காக்கா திகைத்துப்போனார். “அப்ப மறுகா எப்ப தம்பி வரும் அந்த வசதி?”

பதில் எனக்கு மனப்பாடம். அண்ணனும் வாயைத் திறந்தார். காக்காவின் முகத்தைப் பார்த்தார்.

“தெரியா காக்கா. வந்தாப் பிறகு சொல்றன். இப்ப இரிக்கிற அஞ்சிலயே ஓடுறமாதிரி இண்டைக்கே செஞ்சு தாறன்.”

அங்கேயே உட்கார்ந்து, ஆசை ஆசையாக எழுதிய பகுதிகளையெல்லாம் தானே வெட்டியெறிந்து, பிளகினை ஐந்துக்கு மாற்றினார். அஸர் தொழுகைக்குப் பிறகு முதல் முன்பதிவு விழுந்தது! அண்ணன் காக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முற்றத்தில் ஒரு சுற்று ஆடினார். காக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது, எனக்கும்தான். அந்த மனிதரோடு ஒரே அலுவலகத்தில் வேலை செய்யக் கிடைத்ததை இன்றைக்கும் என் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வேன்.