பூஞ்சணம் பிடித்த சுவரும் மோசேயின் சட்டமும்

செயின்ட்-மிஷேல், மொன்றியல்,
1 யூலை 2006

அன்புள்ள கிறிஸ்தோப்பர் அத்தானுக்கு,

தோத்திரம். ரொக்ஸ்பரோவில் நீங்களும் என் அக்கா மாக்கிரட்டும் காய்ந்த சுவர்களுக்கு நடுவில் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். நாங்கள் உங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறோம். சுகம் என்று எழுத மனம் வரவில்லை.

உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். மகள் றொஷினியின் கட்டிலுக்குப் பின்னால் சுவரில் பூஞ்சணம். பச்சையாகத் தொடங்கி இப்போது ஓரத்தில் சிவப்பும் வந்துவிட்டது. பிள்ளைக்கு இரவெல்லாம் இழுப்பு. என் மனைவி சிசிலி, கறை வெளுக்கிற ஜாவெல் தண்ணீர் போட்டுத் தேய்த்துக் கை வெந்ததுதான் மிச்சம். மே மாதம் நீங்கள் வந்து பார்த்துவிட்டு, "உங்கட வீட்டில சுத்தம் காணாது. ஒவ்வொரு நாளும் புட்டவிச்சா ஆவி எங்க போறது? அசுத்தம் மனுசருக்குள்ள இருந்துதான் வரும்" என்று சொன்னீர்கள். பூசையில் வாசகம் வாசிக்கிறவர் சொன்னால் வேதவாக்குத்தானே. அன்று முழுக்க சிசிலி அழுதாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

ஆகவே நானும் பழைய ஏற்பாட்டைத் திறந்தேன். அத்தான், மோசேயின் சட்டத்தில் சுவர்ப் பூஞ்சணத்துக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது! பச்சையோ சிவப்போ கண்டால் வீட்டுக்காரன் குருவிடம் போய்ச் சொல்ல வேண்டும். குரு பார்த்து ஏழு நாள் வீட்டைப் பூட்டுவார். அதன் பிறகும் பரவினால் கல்லைப் பெயர்த்து ஊருக்கு வெளியே கொட்டி, சுவரைச் சுரண்டி, புதிதாகப் பூச வேண்டும். என்ன சமைத்தாய் என்று ஓரிடத்திலும் கேட்கவில்லை. குற்றம் சுவரில்தான், குடியிருப்பவரில் இல்லை என்றே எனக்கு விளங்கியது. அந்தக் காலத்து மனிதர் சிசிலியை உங்களைவிட மரியாதையாக நடத்தியிருக்கிறார்.

வந்து சுவரைப் பார்க்கும்படி எங்கள் பங்குச் சுவாமியிடம் கேட்டேன். விடுமுறை என்பதால் இன்று வருவதாகச் சொன்னார். குரு உள்ளே வருமுன் சாமான் முழுவதையும் வெளியே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அவையும் தீட்டாகிவிடும் என்பது சட்டம். பாதியைப் பிடித்துப் பாதியை விட எனக்கு மனமில்லை. விடியவே கட்டில், மெத்தை, சோபா, மேசை எல்லாவற்றையும் நடைபாதையில் அடுக்கிவிட்டு, சிசிலி உள்ளே கூட்டிக்கொண்டிருக்க நான் சுவாமியைக் கூட்டிவர மெட்ரோவடிக்குப் போனேன். இன்று மொன்றியல் முழுவதும் வீடு மாறும் நாள் என்பதும், இன்றைக்கு நடைபாதையில் கிடப்பது எடுத்தவனுக்கே சொந்தம் என்பதும், ஒன்பது வருடமாக வீடு மாறாத எனக்கு எங்கே நினைவு வரப்போகிறது? திரும்பி வந்தபோது ஒரு தம்பதி எங்கள் மெத்தையை ஆளுக்கொரு நுனியாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். என்னைக் கண்டதும் "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார்கள். சுவாமி பக்கத்தில் நின்றதால் நானும் ஒதுங்கி வழி விட்டேன். மிஞ்சியது புட்டுப் பானை ஒன்றுதான்.

சுவாமி வெறும் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். "தேவதாசன், அந்தக் காலத்துக் குருமார் சுவரும் பார்த்தவை. எங்களுக்கு அது படிப்பிக்கேல்லை" என்றார். ஆனாலும் சுவரில் கை வைத்து, முகர்ந்து, விடாமல் தும்மினார். பிறகு சிசிலியிடம், "இது உங்கட பிழையில்லை, பிள்ளை. றொஷினியை இதுக்குள்ள படுக்க விடாதேங்கோ" என்றார். மே மாதத்துக்குப் பிறகு இன்றுதான் சிசிலியின் முகம் தெளிந்தது.

சுவரை உடைத்துப் புதிதாகக் கட்டித் தாருங்கள். வேறொன்றும் கேட்கவில்லை. உங்கள் வாசலில் வந்து நிற்கும் எண்ணமும் எனக்கு இல்லை, நாங்கள் மானமுள்ளவர்கள். ஆண்டவர் உங்கள் வீட்டை உலர்வாக வைத்திருப்பாராக.

இப்படிக்கு,
மைத்துனன் தேவதாசன்

பி.கு.: இன்று தபாற்கந்தோர் பூட்டு. அதனால் கடிதத்தைக் கையோடு கொண்டு வருகிறேன். ஏழு நாள் வீட்டைப் பூட்டச் சொன்ன மோசே, அந்த ஏழு நாளும் குடியிருப்பவர் எங்கே படுப்பது என்று சொல்லவில்லை. ஆகவே சிசிலியும் றொஷினியும் கூட வருகிறார்கள், பின்னேர ரயில். சமையலுக்கு அக்கா சிரமப்பட வேண்டாம். புட்டுப் பானையும் வருகிறது. ஒவ்வொரு நாளும் அவிப்போம். ஏழாம் நாள் உங்கள் சுவரைப் பார்ப்போம்.