நோட்பேடில் திறந்த மச்சான்

ஒரே கேள்வியை என்னிடம் இரண்டு முறை கேட்கக் கூடாது. கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சாப்பிட்டாயா என்று என் மாமியார் இரண்டாம் தடவை கேட்டதற்காகத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தவள் நான். (பசியோடு படுத்ததும் நான்தான்.) மனிதர்களிடமே இந்த லட்சணம் என்றால் கம்ப்யூட்டரைக் கேட்கவே வேண்டாம். "இந்த ஃபைலை எந்தப் புரோகிராமில் திறக்கட்டும்?" என்று அது கேட்கும். கீழே 'ஒருமுறை மட்டும்', 'எப்போதும்' என்று இரண்டு பொத்தான்கள் இருக்கும். நிதானமாகப் படித்துப் பார்த்து அமுக்குகிற புண்ணியவான்கள் உலகத்தில் உண்டு. நான் 'எப்போதும்' கட்சி. இன்னொரு முறை வந்து கேட்டுவிடப் போகிறதே என்ற ஆத்திரம்தான். அந்த ஆத்திரத்தால் என் தங்கை கல்யாணமே நின்றுபோயிருக்கும்.

நாங்கள் கச்சிராயபாளையத்தில் கரும்பு போடுகிறவர்கள். தங்கை சத்யாவுக்குத் திருக்கோவிலூர் மாப்பிள்ளை. கல்யாணம் கள்ளக்குறிச்சி மண்டபத்தில். முதல் நாள் சாயங்கால ரிசப்ஷனில் பெண்ணின் அண்ணன் மாப்பிள்ளைக்கு மச்சான் மோதிரம் போட வேண்டும். போட வேண்டிய குமரன், எனக்குத் தம்பி, சத்யாவுக்கு அண்ணன், வளைகுடாவில் நடுக்கடல் எண்ணெய் மேடை ஒன்றில் வேலையாக இருந்தான். லீவு கிடைக்கவில்லை. வேலை நேரத்தில் போனும் கையில் இருக்காது.

மாப்பிள்ளையின் பெரியப்பா நிச்சயத்தன்றே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "கூடப் பொறந்தவனுக்கே வர மனசில்லன்னா, அந்தப் பொண்ணுக்கு எங்க வூட்ல இன்னாங்க மதிப்பு இருக்கும்?" என்று அப்பாவிடமே கேட்டுவிட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அன்று ராத்திரி முழுக்கச் சத்யா அழுதாள்.

கடைசியில் பேசிப் பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மோதிரத்தைச் சித்தப்பா மகன் போடுவான். அதற்கு முன் குமரன் பேசி அனுப்பிய வீடியோ மேடைக்குப் பின்னால் இருக்கும் பெரிய திரையில் ஓடும். அண்ணன் முகத்தைப் பார்க்காமல் மோதிரத்துக்கு ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று சத்யா சொல்லிவிட்டாள். மச்சான் பேச்சைக் கேட்காமல் முன்வரிசை நாற்காலியை விட்டு நானும் எழுந்திருக்க மாட்டேன் என்றார் பெரியப்பா. வீடியோ பொறுப்பு என்னுடையது. வேறு யாரிடம் கொடுப்பார்கள்? பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிற மகராசி நான் ஒருத்திதானே.

ரிசப்ஷன் அன்று காலையில் மணப்பெண் அறையில் வீடியோவை லேப்டாப்பில் ஏற்றினேன். போனில் இடமில்லை என்று அங்கிருந்ததை அழித்தேன். (இதுவும் டீச்சர் வேலைதான்.) என் லேப்டாப்பில் எந்த வீடியோவைத் தொட்டாலும் ஏதோ வெட்டி ஒட்டுகிற புரோகிராம் முக்கி முனகிக்கொண்டு வந்து நிற்கும். மேடையில் அது மானத்தை வாங்கும், வேறு புரோகிராமுக்கு மாற்றிவிடலாம் என்று பட்டியலைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துச் சித்தி வந்து மல்லிகைப்பூ எங்கே என்றாள். சொன்னேன். மறுபடியும் பூ எங்கே என்றாள். "பிரிட்ஜ்ல, சித்தி!" என்று கத்திக்கொண்டே எதையோ தொட்டு, 'எப்போதும்' என்பதை ஓங்கி ஓர் அமுக்கு அமுக்கி, மூடியை அறைந்து சாத்திவிட்டு எழுந்தேன். சரிபார்க்கவில்லை. பிள்ளைகள் சரிபார்க்காவிட்டால் நான் மார்க் குறைப்பேன்.

சாயங்காலம் மண்டபம் நிறைந்துவிட்டது. நாதஸ்வரக்காரர்கள் நிறுத்திக்கொண்டார்கள். சித்தப்பா மகன் மோதிரத்தோடு மேடையில் நின்றான். மைக்கில் என் பேரைச் சொன்னார்கள். நான் பட்டுப்புடவை சரசரக்க லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, குமரன் வீடியோவை இரண்டு தட்டு தட்டினேன்.

திரை வெள்ளையாகிவிட்டது. வட்டம் ஒன்று சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு மண்டபச் சுவர் உயரத்துக்குக் கொக்கியும் புள்ளியும் கட்டமும் தொப்பி போட்ட எழுத்துமாகத் திரை முழுக்க நிரம்பியது. எழுத்தைத் தவிர வேறெதையும் காட்டத் தெரியாத நோட்பேடில் திறந்திருந்தான் என் தம்பி.

ஐந்நூறு பேரும் திரையை அண்ணாந்து பார்த்தார்கள். சத்யா மேடையிலிருந்து என்னையே பார்த்தாள். கண்ணில் மை கலங்க ஆரம்பித்தது. பெரியப்பா மெதுவாக எழுந்தார்.

"இன்னா பாஷைம்மா இது?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். தப்பான புரோகிராமில் திறந்துவிட்டது, ஒரு நிமிஷம் பொறுங்கள் என்றால் முடிந்தது. ஆனால் கம்ப்யூட்டர் டீச்சர் என்ற கௌரவம் குறுக்கே வந்து குந்திக்கொண்டது.

"அரபிங்க," என்றேன். "தம்பி அங்கேருந்து கடுதாசியும் எழுதி அனுப்பிக்கிறான். வீடியோ அப்புறம் வரும்."

பெரியப்பா முகம் கொஞ்சம் இளகியது. "அப்பிடியா? யாராச்சும் படிங்களேன், கேப்போம்."

மண்டபம் முழுக்க ஒரே பக்கமாகத் திரும்பியது. அந்தப் பக்கம் துபாய் மாமா உட்கார்ந்திருந்தார். என் அத்தை வீட்டுக்காரர். அங்கே டிரைவராக இருந்துவிட்டு வந்தவர். அரபி அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று ஊரெல்லாம் பேச்சு. பேச்சைக் கிளப்பியதும் அவரேதான். (பஸ் கண்டக்டரிடம் சில்லறை கேட்கும்போதுகூட அரபியில் நாலு வார்த்தை விடுவார். தப்பு என்று சொல்ல எங்கள் ஊரில் யார் இருக்கிறார்கள்?)

மாமா வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தார். மைக்கை வாங்கினார். திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் நெற்றியில் வேர்வை அரும்பியது. இது அரபியே இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் நான் தொலைந்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அது அரபியா இல்லையா என்பதே அவருக்குத் தெரியாது. ஒரே கிணற்றில் இரண்டு பேரும் விழுந்து கிடந்தோம்.

மாமா விரலைத் திரையின் வலது ஓரத்தில் வைத்தார். அரபியை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். அதுவரைக்கும் அவருக்குத் தெரிந்திருந்தது.

"அன்புள்ள மாப்ளைக்கி மச்சான் எழுதிக்கினது," என்று விரலை நகர்த்தினார். "என் தங்கச்சி கோவக்காரி. ஆனா ஒரு வாய் டீ குடிச்சா மறந்துடுவா. எங்க கரும்புத் தோட்டத்துல என் தோள் மேல ஒக்காந்து வளந்தவ. அவ கண்ணு கலங்குனா எனக்கு அங்க சோறு எறங்காது."

சத்யா விசும்பினாள். பின்வரிசையில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. நோட்பேடை மூடிவிட்டு வீடியோவைப் போடலாம் என்று நான் கையைக் கொண்டுபோனேன்.

"கீழ தள்ளும்மா," என்றார் மாமா.

தள்ளினேன். வேறென்ன செய்ய? இன்னும் கட்டம், இன்னும் கொக்கி. மாமாவுக்குச் சுதி ஏறிவிட்டது. தலை ஆடிக்கு நான் நேரில் வருகிறேன், மாப்பிள்ளை விரலில் இன்னொரு மோதிரத்தை என் கையாலேயே போடுவேன் என்று குமரன் சத்தியம் பண்ணியிருப்பதாகவும் படித்துவிட்டார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. வீடியோவில் குமரன் என்ன சொல்லியிருக்கிறான் என்று தெரிந்தவள் அந்த மண்டபத்தில் நான் மட்டும்தான்.

போடாமல் தப்பிக்கலாமா என்று பார்த்தேன். "அக்கா, அண்ணன் மூஞ்சியக் காட்டு," என்றாள் சத்யா. நோட்பேடை மூடினேன். ஃபைலின் மேல் வலது பொத்தானைத் தட்டி, வேறு புரோகிராமைத் தேடி, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக 'ஒருமுறை மட்டும்' என்பதை அமுக்கினேன்.

குமரன் வந்தான். மஞ்சள் தொப்பியும் கறுத்த முகமுமாக இருந்தான். "சத்யா, லீவு கெடைக்கலம்மா. இன்னும் ரெண்டு வருசம் ஆவும். மாப்ள, அவள நல்லா பாத்துக்குங்க," என்றான். அதற்கு மேல் பேச்சு வராமல் கண்ணைத் துடைத்துக்கொண்டான். வீடியோ அவ்வளவுதான்.

கைதட்டவில்லை யாரும். பெரியப்பா மாமா பக்கம் திரும்பினார்.

"இன்னாங்க இது? ஆடிக்கி வரேன்னு எழுதிக்கிறாரு. இதுல ரெண்டு வருசம்ன்றாரு?"

மாமா கண்ணைக்கூட இமைக்கவில்லை. "வீடியோ முன்னாடி எடுத்ததுங்க. எழுத்து அப்பறமா வந்துது. கடேசியா எழுதுனதுதாங்க செல்லும்."

பெரியப்பா யோசித்தார். நிலம் வாங்கி விற்று நரைத்த தலை அது. "அதுவும் செரிதான். பத்திரம்னாலும் கடேசி பத்திரந்தான் செல்லும்," என்று உட்கார்ந்தார். மோதிரம் ஏறியது. நான் சாப்பாட்டுக் கூடத்துக்குப் பின்னால் போய்த் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் தாலி கட்டி முடிந்ததும் சத்யா என் காதைப் பிடித்து இழுத்தாள். "அக்கா, அது நோட்பேட்தான?"

தெரிந்துமா அழுதாய் என்றேன்.

"மாமா சொன்னது எல்லாம் நெசந்தான, அதான் அழுதேன். அதோட ஊரே கேட்டுடுச்சி இல்ல? இனிமே அண்ணன் வந்துதான ஆவணும்," என்றாள். அவள் முகத்தில் அத்தனை சந்தோஷம்.

விஷயம் குமரன் காதுக்குப் போனது. போனில் என்னைக் கிழி கிழி என்று கிழித்தான். கிழித்து முடித்ததும் குரலை இறக்கினான். "சத்யா எதிர்பாக்குறாளா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். யார் காலில் விழுந்தானோ, எந்த மேனேஜர் மனசு கரைந்ததோ, தலை ஆடிக்கு வந்து இறங்கிவிட்டான். மாப்பிள்ளைக்கு இரண்டாவது மோதிரத்தை அவன் போடும்போது பெரியப்பாதான் முதலில் கைதட்டினார். மாமா அன்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்ததைப் பார்க்க வேண்டுமே!

என்னை எங்கள் வீட்டில் யாரும் கம்ப்யூட்டர் டீச்சர் என்பதில்லை, 'எப்போதும்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். டாக்டர் சீட்டு புரியாவிட்டால் மாமாவிடம் நீட்டுகிறார்கள். குமரன் இப்போதெல்லாம் லீவு கேட்பதற்கு முன்னால் மாமாவுக்குத்தான் போன் போடுகிறான்.

"மாமா, இந்த வருசம் நான் எப்ப வரேன்னு போட்டுக்கிது?"

"இர்றா, படிச்சிக்கினு கீறேன்," என்கிறார் மாமா. "கொஞ்சம் கீழ தள்ளு."