தள்ளினால் மட்டும் ஓடும் ஜீப் பற்றி மைத்துனருக்கு

லிங்கநகர்,
திருகோணமலை.
17.08.1997

கனடாவில் வசிக்கும் அன்பு மைத்துனர் ஞானசேகரத்துக்கு, அத்தான் சோமசேகரம் எழுதிக்கொள்வது.

பத்திரகாளி அம்பாளின் கிருபையால் நானும் உம்முடைய அக்கா அன்னலட்சுமியும் மகள் புஸ்பராணியும் உயிரோடிருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்றும் எழுதலாம், ஆனால் மிச்சத்தை வாசித்தால் அது பொய்யென்று உமக்குத் தெரிந்துவிடும். உம்முடைய மனைவி பிள்ளைகளுக்காக அக்கா வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றுகிறா. நிற்க. நிற்பதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன், ஏனென்றால் நீர் வாங்கித் தந்த ஜீப்புக்கு ஒழுங்காகச் செய்யத் தெரிந்த ஒரே வேலை அதுதான்.

ஞானம், நீர் நல்ல மனதோடுதான் செய்தீர். மருமகளைப் பார்க்க வருகிற மாப்பிள்ளை வீட்டாரை ஓட்டோவில் ஏற்றிவந்தால் தாய்மாமனுக்கு மரியாதையா என்று தொலைபேசியில் சத்தம் போட்டு, கொழும்பில் யாரோ ஒரு தரகரைப் பிடித்து, படத்தைப் பார்த்தே வாங்கி அனுப்பினீர். அந்தப் படம் இடப்பக்கத்தில் நின்று எடுத்தது. வலப்பக்கத்தை முதன்முதலில் பார்த்தவர்கள் நாங்கள்தான். முன்கதவின் கண்ணாடி கீழே இறங்கினால் ஏறாது, பின்கதவு வெளியிலிருந்து மட்டும் திறக்கும், ஸ்ரியறிங்கை அரைச்சுற்றுத் திருப்பிய பிறகுதான் சில்லுக்குச் செய்தி போய்ச் சேரும், எஞ்சின் ஒயில் முற்றமெல்லாம் சொட்டி அக்காவின் கோலத்தை அழித்தது, றேடியேட்டர் கால் மணித்தியாலத்தில் கொதிக்கும், பிறேக் பிடித்தால் விடாது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஸ்ராட்டர் அறவே வேலை செய்யாது. திறப்பைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி.

வாகனம் வந்த முதல் வெள்ளிக்கிழமையே கோவிலுக்குக் கொண்டுபோனோம். ஐயர் மாலை போட்டு, சந்தனம் பூசி, நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்து, "இனி எடுங்கோ, நசிச்சுக்கொண்டு போகட்டும்" என்றார். டிக். மறுபடியும் டிக். சனம் கூடிவிட்டது. ஐயர் இரண்டாம் தேங்காயும் உடைத்தார். கடைசியில் பூசைக்கு வந்தவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார்கள். நிலம் பின்பக்கம் சரிவாக இருந்தபடியால் ஜீப் பின்னாலே உருண்டு, தேசிக்காயை விட்டுவிட்டு ஐயரின் சைக்கிளை நசித்தது. தேசிக்காய் நாலும் முழுசாகக் கிடந்ததைப் பார்த்த அக்காவுக்கு அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

கராஜ் முனாப் நானாவிடம் காட்டினேன். அவர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு நெடுநேரம் வெளியே வரவில்லை. நித்திரையாகிவிட்டாரோ என்று குனிந்து பார்த்தேன். "சேர், இதுக்கு ஒரு வருத்தம் எண்டா மருந்து சொல்லலாம். எல்லா வருத்தமும் இரிக்கி. ஒண்டைத் திருத்தினா மத்தது கோவிக்கும். ஸ்ராட்டர் இங்க எடுக்க ஏலாது, கொழும்பிலயும் சந்தேகம். அதுவரைக்கும் இறக்கத்தில மட்டும் நிப்பாட்டுங்க" என்றார். அன்றிலிருந்து நான் இறக்கம் தேடுகிற மனிதனாகிவிட்டேன். மரக்கறி வாங்கவேண்டுமென்றால் சந்தைக்குப் போவதில்லை, எந்தக் கடை இறக்கத்தில் இருக்கிறதோ அங்கே போகிறேன். அந்தக் கடையில் கத்தரிக்காய் எப்போதும் சூத்தைதான். முப்பது வருசம் துறைமுகக் கந்தோரில் மரியாதையாக வேலை செய்தவன் ஞானம் நான், இப்போது ஊரில் எனக்குத் 'தள்ளு சோமர்' என்று பெயர்.

விற்றுவிடுவோம் என்றால் அக்கா விடுகிறா இல்லை. "என்ர தம்பி குளிருக்குள்ள நிண்டு உழைச்சு வாங்கித் தந்தது. விக்கிறதெண்டா முதல் என்னை வில்லுங்கோ" என்கிறா. நான் வாயை மூடிக்கொண்டேன். அப்படி மூடியிருக்கக் கூடாது என்பது போன வியாழக்கிழமைதான் விளங்கியது.

புஸ்பராணிக்கு முப்பத்துமூன்று முடிந்துவிட்டது என்பது உமக்குத் தெரியும். முதல் சம்பந்தம் பேசி முடிந்த மாப்பிள்ளை ஜெர்மனிக்குப் போய் அங்கேயே கட்டிக்கொண்டார். இரண்டாவது குடும்பம் தொண்ணூறாம் ஆண்டு இடம்பெயர்ந்து போனதுதான், எங்கே என்றே தெரியாது. இந்த மூன்றாவது, கட்டைபறிச்சான் வாத்தியார் குலசிங்கம். தகப்பன் இல்லை, தாயார் பாக்கியரத்தினம் மட்டும். சாதகம் பொருந்தியது. புஸ்பராணி படத்தைப் பார்த்த அன்று, குசினிக்குள் சமைக்கும்போது பாட்டுச் சத்தம் கேட்டது. அவள் பாடி எத்தனையோ வருசம். இதுவும் தவறினால் இனி யாரிடமும் சாதகம் கொண்டுபோக எனக்குத் துணிவில்லை என்பதை உம்மிடம் மறைக்காமல் சொல்கிறேன்.

வியாழக்கிழமை தாயும் மகனும் கடல் கடந்து மூதூர் லோஞ்சில் வந்து இறங்கினார்கள். எஞ்சினை நிறுத்தினால் அவ்வளவுதான் என்று இறங்குதுறையில் ஓடவிட்டபடியே காத்திருந்தேன். அதனால் றேடியேட்டர் கொதித்து, மரியாதையான அந்த அம்மாவை நான் வரவேற்றது ஆவிக்குள் நின்று. வழியில் ஒரே ஒரு சோதனைச்சாவடி, அதுவும் இறக்கமே இல்லாத மட்டமான நிலத்தில். போகும்போது நின்றவர் பழகிய சிப்பாய், எஞ்சினை நிறுத்தச் சொல்லாமல் விட்டார். வரும்போது அவர் சாப்பிடப் போய்விட்டார். புதிய பொடியன் கையைக் காட்டினான். நிறுத்தினேன். எஞ்சினையும் நிறுத்தச் சொன்னான். சட்டம் சட்டம்தானே, நிறுத்தினேன். இறங்கச் சொன்னான். பின்கதவு உள்ளிருந்து திறக்காதென்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்க முயன்றதில் அவனுக்குச் சந்தேகம் கூடிவிட்டது.

குலசிங்கத்தின் அடையாள அட்டையை வாங்கி ஊரைப் பார்த்தான். கட்டைபறிச்சான், இயக்கம் நடமாடுகிற பக்கமென்று அவர்கள் சந்தேகப்படுகிற ஊர். "அங்கே இரு" என்று ஓரமாய்க் கிடந்த மர வாங்கைக் காட்டினான். ஞானம், நீர் போய்க் கனகாலம். அந்த வாங்கில் இருத்தியவர்களைப் பின்னேரம் ஒரு லொறி வந்து ஏற்றிக்கொண்டு போகும், பிறகு தாய்மார் முகாம் முகாமாக அலைவார்கள். மாப்பிள்ளை பட்டுக்கரை வேட்டியோடு போய் இருந்தார். தாயார் மற்றப் பக்கத்தில் வெயிலில் நின்றபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தா. நான் கெஞ்சினேன். வாகனத்தை முதலில் எடு என்று என்னைக் கலைத்தார்கள்.

எடுக்கவா? டிக். தார்ப் பீப்பாய்களுக்கு நடுவே ஒரு வாகனம் மட்டும் போகக்கூடிய இடைவெளியில் ஜீப் சரியாக அடைத்துக்கொண்டு நின்றது. இறங்கித் தள்ளினேன். பிடித்த பிறேக் விடவில்லை. பின்னால் பஸ் வந்து நின்றது, அதற்குப் பின்னால் இராணுவப் பெரியவர் ஒருவரின் வாகனம் வந்து ஹோர்ன் அடித்தது. அவர் இறங்கி வந்து பார்த்துவிட்டு, தள்ளச் சொல்லிக் கத்தினார். தள்ளு என்ற சொல் இரண்டு பாஷையிலும் ஒன்றுதான், யாருக்கும் விளங்காமல் போகவில்லை. பஸ்காரர் தள்ளினார்கள், துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு சிப்பாய்களும் தள்ளினார்கள். அசையவில்லை. பெரியவருக்கு மூக்குக்கு மேல் கோபம். வாங்கைப் பார்த்து, சும்மா இருக்கிறவனையும் கூப்பிடு என்றார்.

குலசிங்கம் வந்து முதுகைக் கொடுத்தார். ஜீப் ஒருமுறை முனகி, உருண்டு, ஒரு பெரிய கரும்புகையை அவர் நெஞ்சில் விட்டுவிட்டுப் பிடித்துக்கொண்டது. இனி நிற்க ஏலாது! "ஏறுங்கோ, ஏறுங்கோ!" என்று கத்தினேன். அவர் ஓடிவந்து பின்கதவைத் திறந்து, போகிற போக்கில் தாயாரையும் தூக்கி ஏற்றி, தானும் தொங்கிக்கொண்டார். பின்னால் அந்தப் பொடியன் சிப்பாய் துரத்தி வந்தான். சுடப்போகிறான் என்று நினைத்துக் கண்ணை மூடினேன். ஏறாத கண்ணாடி வழியாகக் கையை நீட்டி, மாப்பிள்ளையின் அடையாள அட்டையை என் மடியில் போட்டுவிட்டு நின்றுவிட்டான்.

வீட்டுக்கு வரும்போது நல்ல நேரம் போய் இராகுகாலம் தொடங்கிவிட்டது. மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டை கரிச்சட்டி. புஸ்பராணி கொண்டுவந்த தேத்தண்ணியைத் தாயார் தொடவேயில்லை. கதிரையில் இருந்தபடி மகனின் கையைப் பிடித்துக்கொண்டு நிலத்தையே பார்த்தா. "பிறகு கதைப்பம்" என்ற ஒரு சொல்லோடு எழுந்து, ஓட்டோ பிடித்து, டவுனில் உள்ள சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மூன்று நாளாகக் கதையில்லை. குசினியில் பாட்டும் இல்லை.

ஆகவே ஞானம், உம்மிடம் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். ஒன்று, விற்கச் சொல்லி அக்காவுக்கு உம்முடைய கையால் ஒரு வரி எழுதும். அல்லது யப்பானிலிருந்தாவது ஒரு ஸ்ராட்டர் அனுப்பும். இரண்டும் ஏலாதென்றால் தாய்மாமன் மரியாதையை வந்து நீரே தள்ளும்.

உம்முடைய வீட்டில் எல்லோருக்கும் எங்கள் ஆசீர்வாதம். அங்கே நீர் ஏறுகிற வாகனமெல்லாம் திறப்பைத் திருப்பியவுடன் பிடிக்க வேண்டுமென்று அம்பாளை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மனமுடைந்த அத்தான்,
சோமசேகரம்

பி.கு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் பாக்கியரத்தினம் அம்மா வந்துவிட்டுப் போனா. மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். விற்கவும் வேண்டாம், ஸ்ராட்டரும் அனுப்ப வேண்டாம். "போன வருசமும் இவனை இப்பிடித்தான் வாங்கில இருத்தினவங்கள் அண்ணை. மாரி முடிஞ்சுதான் விட்டவங்கள், நான் போகாத முகாம் இல்லை. அண்டைக்கு வீட்டை வந்தும் எனக்கு நடுக்கம் நிக்கேல்லை, அதுதான் கதைக்க ஏலாமப் போச்சு. உங்கட பிள்ளையை எங்களுக்குப் பிடிச்சிருக்கு. ஆவணிக்குள்ள செய்வம். மாப்பிள்ளையை அழைக்கவும் அந்த வாகனத்தையே கொண்டுவாங்கோ. ஒண்டு மட்டும் கேக்கிறன், அதைத் திருத்திப் போடாதையுங்கோ" என்றா.